எதிர்பாராமல் பிறந்த முயல் குட்டிகள்



சுங்கைப்பட்டாணிக்கும் பீடோங்குக்கும் இடையே உள்ள ஒரு தோட்டப்பள்ளியில் நாங்கள் ஆசிரியப் பணி புரிகிறோம். அறிவியல் பாடத்திற்கென்று இரண்டு முயல்களை வாங்கிப் பள்ளித் தோட்டத்தில் வளர்த்தோம். இரண்டும் பெண் என்றுதான் கடையில் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். ஒரு திங்கட்கிழமைக் காலை நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சார், முயல் தன் மயிரையெல்லாம் பிடுங்கிப் போட்டிருக்கு. உள்ளே என்னமோ நெளியுது சார்!"

போய்ப் பார்த்தோம். கூண்டின் மூலையில் வெண்பஞ்சு போன்ற மயிர்க்குவியலுக்குள் ஐந்து குட்டிகள் கிடந்தன. கம்பித் தரையில் இரண்டு குட்டிகள் சில்லிட்டுக் கிடந்தன. அவை இறந்துவிட்டன என்று நினைத்து அப்புறப்படுத்தினோம். மற்ற ஐந்தையும் தாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பசியால் செத்துவிடுமே என்று பதறி, டின் பாலை வெந்நீரில் கரைத்து, சொட்டுக் குழாயால் புகட்டினோம். முதற்குட்டிக்குப் புரையேறியது. மதிய மணி அடிப்பதற்குள் அது இறந்துவிட்டது. மாணவர்கள் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகுதான் கால்நடை மருத்துவ அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். அங்கிருந்த அதிகாரி கேட்ட முதற்கேள்வி, "குட்டிகளின் வயிற்றைப் பார்த்தீர்களா?" என்பதுதான். பார்த்தோம். நான்கு வயிறும் உருண்டு திரண்டிருந்தன. தாய் விடியுமுன்பே பால் கொடுத்துவிட்டிருந்தது. நாங்கள் புகட்டிய பால் தேவையே இல்லாத பால்! அன்று நாங்கள் கற்ற பாடத்தைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தோம்.

வளர்ப்பு முயலின் மூதாதையர் ஐரோப்பாவில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் முயல்கள். திருக்குறளில் வரும் நம் காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளை முயலின் குட்டியோ மயிரில்லாமல், கண்ணும் காதும் மூடியபடி பிறக்கும். தாய் அடிக்கடி வளைக்குள் போய்வந்தால் நரி மோப்பம் பிடித்துவிடும். ஆகையால் நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ, பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ, மூன்று நான்கு நிமிடங்கள் மட்டும் பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். அதைப் பார்த்துவிட்டு, தாய்க்குப் பாசமில்லை என்று நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

அப்படியானால் நாம் என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, சூடு. தாய்ப்பூனையைப் போல முயல் தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்க் கூட்டில் சேர்க்காது. முலையைப் பற்றியபடி வெளியே வந்து விழும் குட்டி, விழுந்த இடத்திலேயே குளிர்ந்துபோகும். குளிர்ந்த குட்டி செத்ததுபோலத் தோன்றும். அதைக் கையில் பொத்தியோ, துணி சுற்றிய வெந்நீர்ப் புட்டியின் பக்கத்தில் வைத்தோ, சூடேற்றிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். நாங்கள் அப்புறப்படுத்திய இரண்டையும் அப்படிப் பார்க்கவில்லை. அது இன்றும் எங்கள் மனத்தை உறுத்துகிறது.

இரண்டாவது, கூடு. தாய் நுழையும் அளவுள்ள பெட்டியில் உலர்ந்த புல்லைப் பரப்பி, தாய் பிடுங்கிய மயிரை அதன்மேல் வைத்துக் குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து விடுங்கள். நுண்ணிய மரத்தூள் கண்ணுக்கும் மூச்சுக்கும் கேடு. மனிதர் தொட்டால் தாய் குட்டிகளைக் கொன்றுவிடும் என்பார்கள். பழகிய முயல் அப்படிச் செய்வதில்லை. கையைக் கழுவி, கூட்டு மயிரில் தேய்த்துக்கொண்டு, நாளுக்கு ஒருமுறை வயிற்றைப் பாருங்கள். உருண்டிருந்தால் பால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, குட்டி ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தால் உடனே கால்நடை மருத்துவரை நாடுங்கள். முயற்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு உண்டு. டின் பால் அதற்கு ஈடாகாது.

மூன்றாவது, காவல். எறும்பு ஏறாமல் கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். பாம்பும் எலியும் நுழையாத நெருக்கமான கம்பிவலை வேண்டும். நம் கெடா வெயிலில் நண்பகலில் தகரக் கூரையின் கீழ் கூண்டை வைக்காதீர்கள். முயலால் நம்மைப்போல் வியர்க்க முடியாது. களைக்கொல்லி தெளித்த இடத்துப் புல்லை ஒருபோதும் அறுத்துப் போடாதீர்கள். தாய்க்கு எந்நேரமும் புல்லும் நல்ல தண்ணீரும் இருக்கட்டும்.

நான்காவது, ஆண் முயலைப் பிரித்து வையுங்கள். இதுதான் பலரும் மறப்பது. ஈன்ற அன்றே பெண்முயல் மீண்டும் சினைப்பட முடியும். நாங்கள் அன்று மாலைதான் ஆண் முயலை வேறு கூண்டுக்கு மாற்றினோம். முப்பத்தோராம் நாள் காலை மறுபடியும் மயிர்க்குவியல்! இம்முறை ஐந்து குட்டிகள். ஆனால் இப்போது பெட்டி தயாராக இருந்தது. மூத்த குட்டிகளை அதற்கு முன்பே தனிக் கூண்டில் விட்டிருந்தோம். யாரும் பாலோடு ஓடவில்லை. முதல் ஈற்றின் நான்கும், இரண்டாம் ஈற்றின் ஐந்தும் பிழைத்தன.

ஏறத்தாழ பத்தாம் நாள் குட்டிகள் கண் திறக்கும். மூன்றாம் வாரம் கூட்டைவிட்டு வெளியே வந்து புல்லைக் கொறிக்கும். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் வரை தாயோடு இருப்பதே நல்லது. பத்துப் பன்னிரண்டு வாரத்திற்குள் ஆணையும் பெண்ணையும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்து தனித்தனியே வையுங்கள். இல்லையேல் எங்கள் கதை உங்கள் வீட்டிலும் நடக்கும்.

வளர்க்க முடியவில்லை என்று செம்பனைக் காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். அங்கே நாய்க்கும் பாம்புக்கும் அவை இரையாகிவிடும். வளர்ப்பவர் தம் விலங்கின் தேவைகளைக் கவனிக்கக் கடமைப்பட்டவர் என்று மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் கூறுகிறது. எங்கள் குட்டிகளைக் கொடுக்குமுன், கூண்டு இருக்கிறதா என்று ஒவ்வொரு வீடாகப் போய்ப் பார்த்த பிறகே கொடுத்தோம்.

மாணவர்களே, எங்களுக்கு அன்று இரக்கம் இருந்தது; அறிவு இல்லை. ஆசிரியர்களாகிய நாங்களே, தெரியாது என்று ஒருவரிடம் கேட்க அரை நாள் தயங்கினோம். அந்த அரை நாளுக்குள் ஓர் உயிர் போயிற்று. நீங்கள் தயங்காமல் கேளுங்கள்.