வீட்டில் பால் ஜாயின்ட் மாற்றும் பிள்ளைகளுக்கு

வீட்டு வாசலிலேயே வண்டி வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் மஹல்லாவில் பெருகிவிட்டார்கள். கூலி மிச்சம், நாம் தடுக்கவில்லை. ஆனால் பால் ஜாயின்ட் என்பது ஹார்ன் மாட்டுகிற வேலையல்ல. அது கழன்றால் ஓட்டத்திலேயே முன்சக்கரம் மடங்கிவிடும். உள்ளே இருப்பது உங்கள் உம்மாவும் தங்கையும்.

வேகத்தடையில் 'டொக்' என்று கேட்டால் சக்கரத்தைத் தூக்கி, ஒருவர் மேலும் கீழும் பிடித்து ஆட்ட, மற்றவர் டார்ச் அடித்து ஜாயின்ட்டைப் பாருங்கள். பேரிங் தேய்ந்தாலும் சக்கரம் ஆடும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். செங்கல் அடுக்குவது அதைவிட மோசம், நொறுங்கிவிடும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள்.

விடாத ஜாயின்ட்டின் மரையில் சுத்தியல் படக்கூடாது. நக்கிளின் பக்கவாட்டில் தட்டினால் விடும். பழைய காட்டர் பின்னைத் திரும்பப் போடாதீர்கள். ஆர்ம் புஷ் போல்ட்டை, வண்டியை இறக்கிச் சக்கரம் எடை தாங்கிய பிறகே இறுக்குங்கள். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட்.

டிரஸ்ட் ஆம்புலன்ஸுக்கு வாங்கிய இரண்டு ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் அலுவலகத்தில் உள்ளன. அஸருக்குப் பிறகு கையெழுத்திட்டு எடுத்துப் போகலாம், மறுநாள் திருப்பிவிடுங்கள்.