தாடியஸ் ஸ்டீவன்ஸ்: நீதிமன்றத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கு



1821-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மேரிலாந்தில் அடிமையாக இருந்த சாரிட்டி பட்லர் என்ற பெண் விடுதலை கேட்டு வந்திருந்தார். வெளியிலிருந்து கூட்டிவந்த அடிமையை ஆறு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால், அந்த அடிமைக்கு விடுதலை என்பது பென்சில்வேனியாச் சட்டம். எஜமானியோடு அவ்வப்போது வந்து தங்கிய நாட்களைக் கூட்டினால் அவருக்கு ஆறு மாதம் தேறும். கூட்டக்கூடாது, இடைவெளியில்லாமல் தங்கியிருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பின் இளம் வழக்கறிஞர் வாதாடினார். அந்த வாதம் வென்றது. சாரிட்டிக்கும் அவர் குழந்தைகளுக்கும் விடுதலை இல்லை.

அந்த வழக்கறிஞர்தான் தாடியஸ் ஸ்டீவன்ஸ். பிற்காலத்தில் அடிமை முறையை அவரளவுக்கு எதிர்த்த அரசியல்வாதிகள் வெகுசிலரே. அதனாலேயே இந்த வழக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1792-இல் வெர்மான்டில் பிறந்தவர். பிறவியிலேயே கால் ஊனம். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போக, தாய் பாடுபட்டுப் படிக்கவைத்தார். 1835-இல் பென்சில்வேனியாவில், ஏழைப் பிள்ளைகளுக்கும் பள்ளி தந்த புதிய சட்டத்தை, வரிச்சுமை என்று சொல்லி ரத்து செய்யப் பார்த்தார்கள். மாநிலச் சட்டமன்றத்தில் ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். சட்டம் பிழைத்தது.

நீதிமன்றத்திலும் அவர் நின்ற பக்கம் மாறியிருந்தது. தப்பி வந்த அடிமைகளுக்காக வாதாடினார். 1851-இல் கிறிஸ்டியானா என்ற ஊரில் அப்படித் தப்பி வந்தவர்களைப் பிடிக்க வந்த உரிமையாளர் கொல்லப்பட்டார். அதையொட்டி எழுந்த ராஜத்துரோக வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடியவர்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஜூரிகள் கால் மணி நேரத்தில் விடுவித்துவிட்டார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நாடாளுமன்றத்தின் கீழவையில் நிதிக் குழுவின் தலைவர் அவர்தான். போர் முடிந்ததும், அமெரிக்காவில் பிறந்தவர்களுக்குக் குடியுரிமையையும் சட்டத்தின் சமமான பாதுகாப்பையும் உறுதிசெய்யும் 14-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தைக் கீழவையில் முன்னின்று நிறைவேற்றினார். அதில் அவருக்கு முழு நிறைவு இல்லை. கிடைத்ததை விடக்கூடாது என்று ஏற்றுக்கொண்டார்.

உரிமையோடு நிலமும் வேண்டும் என்பது அவருடைய உறுதி. போரில் கிளர்ச்சி செய்த தென் மாநிலப் பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறித்து, விடுதலை பெற்ற ஒவ்வோர் ஆணுக்கும் 40 ஏக்கர் தரச் சொன்னார். அவருடைய சொந்தக் கட்சியே அதற்கு இசையவில்லை. 1868 ஜூலையில் 14-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஆகஸ்டில் ஸ்டீவன்ஸ் காலமானார். விடுதலை பெற்றவர்களில் பெரும்பாலோர் பழைய முதலாளிகளின் நிலத்தையே வாரத்துக்கு உழுதார்கள்.