வாடகை தண்டமா?

இந்த எபிசோட்ல கெஸ்ட் யாரும் கிடையாது. எங்க வீட்டுல மூணு மாசமா ஓடின ஒரு சண்டையைப் பத்திதான் பேசப்போறேன். அப்பாகிட்ட பெர்மிஷன் வாங்கிட்டேன்.

"வாடகை கொடுக்கிறது தண்டம்டா. அதே காசுல இ.எம்.ஐ. கட்டினா வீடு நமக்குச் சொந்தம்." இதை எத்தனை தடவை கேட்டிருப்பீங்க? வேலைக்குச் சேர்ந்த முதல் மாசத்துலேர்ந்து நான் கேட்டுட்டு இருக்கேன். உண்மையைச் சொன்னா, நானே நாலு பேருக்கு அட்வைஸ் பண்ணியிருக்கேன். அடுத்தவங்க எழுதின கோட்ல "இந்த நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னு நோண்டுறதுதான் என் வேலை. ஆனா இந்த விஷயத்துல ஒரு நாள்கூட கால்குலேட்டரை எடுத்ததில்லை.

மேடவாக்கம் பக்கத்துல 75 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்தோம். பேங்க் 80 சதவீதம் தரும், அதாவது 60 லட்சம். மிச்சம் 15 லட்சம் நம்ம கைக்காசு. அதுல 9 லட்சம் அப்பாவோட பி.எஃப். பணம். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வரலை. எழுந்து ஒரு ஷீட் போட்டேன்.

60 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம். மாசம் சுமார் 52,000 ரூபாய். முதல் மாசம் கட்டுறதுல 42,500 வட்டிக்கே போயிடும், அசல்ல கழியிறது பத்தாயிரத்துக்கும் கம்மி. அதே அபார்ட்மென்ட்ல அதே சைஸ் வீட்டுக்கு வாடகை 20,000. திரும்பி வராத காசுதான் தண்டம்னா, எது பெரிய தண்டம்? 20 வருஷ முடிவுல வீடு நம்மளோடது, விலையும் ஏறலாம், வாடகையும் ஏறிக்கிட்டே போகும். அதெல்லாம் நிஜம்தான். ஆனா "அதே காசுல"ங்கிற வார்த்தை மட்டும் சுத்தப் பொய். வரி மிச்சமாகுமேன்னு ஒருத்தர் சொன்னார். நான் புது வரி முறையில இருக்கேன், அதுல நாம குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது.

நம்பரைவிட என்னை உலுக்கினது இன்னொண்ணு. அப்போ எனக்கு ஒரு சின்ன கம்பெனிலேர்ந்து ஆஃபர் வந்திருந்தது. எட்டு பேர் டீம், எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, கைக்கு 70,000. இப்போ வாங்குறதைவிட 25,000 கம்மி. இ.எம்.ஐ. இருந்தா அந்த மெயிலைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டேன். எனக்கு அப்படி ஒரு சாய்ஸ் இருந்ததே தெரிஞ்சிருக்காது.

காலையில ஷீட்டை அப்பாகிட்ட காட்டினேன். பார்க்கவே இல்லை. "உனக்குப் புரியாது"ன்னு எழுந்து போயிட்டார். ரெண்டு நாள் பேச்சு கிடையாது.

எங்க ஃபீல்டுல கிட் ப்ளேம்னு ஒரு கமாண்ட் உண்டு. ஒரு வரியைக் கடைசியா யார், எப்போ மாத்தினாங்கன்னு காட்டும். பேர்லதான் ப்ளேம், குத்தம் சொல்றதுக்கு இல்லை. அந்த ஆள்கிட்ட போய் "ஏன் இப்படி எழுதினீங்க?"ன்னு கேட்கத்தான். சரி, அப்பாகிட்டயே கேட்போம்னு உட்கார்ந்தேன்.

1996. பெரம்பூர்ல ஒரு போர்ஷன்ல வாடகைக்கு இருந்திருக்காங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மோட்டார் போடக்கூடாது, சொந்தக்காரங்க வந்தா ஒரு நாளுக்கு மேல தங்கக்கூடாது. ஒரு நாள் ஓனர் வந்து, பையனுக்குக் கல்யாணம், பதினஞ்சு நாள்ல காலி பண்ணுங்கன்னுட்டார். நான் அப்போ அம்மா வயித்துல ஏழு மாசம். பாத்திரம் பண்டத்தை மீன்பாடி வண்டியில ஏத்திட்டு, அம்மாவையும் அதுலயே உட்கார வச்சு, அப்பா பின்னாடி நடந்தே வந்திருக்கார். இதை 28 வருஷத்துல முதல் தடவையா சொல்றார்.

அப்பாவுக்கு வேண்டியது சொத்து இல்லை. யாரும் "கிளம்பு"ன்னு சொல்லக்கூடாது, அவ்வளவுதான். அதை 52,000 கொடுத்துத்தான் வாங்கணுமா?

இன்னொரு பழக்கமும் அப்போதான் கண்ல பட்டது. வாடகை அக்ரிமென்ட் ஏன் எப்பவும் 11 மாசம்? 1908 பதிவுச் சட்டப்படி ஒரு வருஷத்துக்கு மேல போனா கட்டாயம் ரிஜிஸ்டர் பண்ணணும். அதைத் தவிர்க்கத்தான் 11. ஆனா 2019-லேர்ந்து நடைமுறையில இருக்கிற தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எல்லா வாடகை ஒப்பந்தத்தையும் எழுதி, பதிவு பண்ணணும். அந்தக் காலக்கெடுவுக்குள்ள ஓனர் நம்மளைக் காலி பண்ண வைக்கணும்னா, சட்டத்துல இருக்கிற காரணத்தோட வாடகை நீதிமன்றத்துக்குப் போகணும். அப்புறம் எதுக்கு 11 மாசம்? எங்க ஓனர்கிட்ட கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் சார் போடுறாங்க"ன்னார்.

டோக்கன் கொடுக்கலை. புது கம்பெனியில போன மாசம் சேர்ந்துட்டேன். ஓனர் மூணு வருஷ அக்ரிமென்ட்டுக்குச் சம்மதிச்சிருக்கார், ஆனா வருஷத்துக்கு 5 சதவீதம் ஏத்துவாராம். அப்பாகிட்ட சொன்னேன். பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்காமலே, "நாலுக்குப் பேசிப் பாரு"ன்னார்.