கொடக்கன்பிள்ளையின் பெயர் ஏன் இடாப்பில் இல்லை?

(எங்கள் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுமொழி பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "குடியுரிமை இல்லையெண்டு வாக்காளர் இடாப்பில இருந்து பெயரை வெட்டினால் மேன்முறையீடு செய்யலாம்தானே. அதுக்கேன் இவ்வளவு சத்தம்?" நல்ல கேள்வி. மேன்முறையீடு செய்யத்தான் வேணும். ஆனால் அதில் என்னத்தைக் கேட்கிறம், யாரைப் பதில் சொல்ல வைக்கிறம் என்பதுதான் முக்கியம். இதை விளங்கிக்கொள்ள எங்கட நாட்டு வழக்கு ஒன்றே போதும்.

1950ஆம் ஆண்டு. கேகாலை மாவட்டத்தில் றுவன்வெல்லத் தொகுதி. 1947 தேர்தலில் லங்கா சமசமாஜக் கட்சியின் என்.எம். பெரேரா வென்ற தொகுதி அது. இந்திய வம்சாவளித் தமிழரான கொடக்கன்பிள்ளை, தன்ர பெயரையும் இடாப்பில் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கிறார். பதிவு அதிகாரி முதநாயக்க மறுக்கிறார். காரணம் ஒன்றுதான்: நீர் இலங்கைப் பிரஜை இல்லை.

இதற்குப் பின்னால் மூன்று சட்டங்கள் இருந்தன. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், யார் பிரஜை என்று வரையறுத்தது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர்கள் விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்றது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜைகளுக்கு மட்டும்தான் வாக்கு என்றது. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் முழுப்படம் தெரியும்.

முதல் சட்டம் என்ன கேட்டது? ஏற்கெனவே இலங்கையில் பிறந்த ஒருவர் பிரஜையாக வேணுமென்றால், அவரின்ர தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேணும். இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேணும். தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கிலேயே இல்லை. லயன் காம்பராவில் பிறந்து, பத்து வயதில் கொழுந்துக் கூடையைத் தூக்கினவரிடம் தகப்பனின்ர பிறப்புப் பத்திரத்தைக் கேட்டால் எங்கே போவார்?

இந்த இடத்தில் என்ர குடும்பத்தைப் பற்றியும் சொல்ல வேணும். எங்கட பாட்டன் யாழ்ப்பாணத்து விவசாயி. அவரின்ர தகப்பனுக்குப் பிறப்புப் பத்திரம் இருந்ததாக எங்கட வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதைக் கொண்டு வா என்று அவரை யாரும் கேட்கவில்லை. கண்டிக் கிராமங்களில் இருந்த சிங்கள விவசாயிகளையும் கேட்கவில்லை. சட்டம் எல்லாருக்கும் பொது. கேள்வி மட்டும் ஒரு பகுதி ஆட்களிடம்தான் போனது.

கொடக்கன்பிள்ளை மீளாய்வு அதிகாரியிடம் போனார். அந்த அதிகாரியின் பெயர் சிவஞானசுந்தரம். அப்போது நடைமுறையில் இருந்தது சோல்பரி அரசியலமைப்பு. அதன் 29ஆம் பிரிவு, மற்றச் சமூகங்களுக்கு இல்லாத ஒரு தகுதியீனத்தை ஒரு சமூகத்தின்மேல் மட்டும் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது, இயற்றினால் அது செல்லாது என்றது. அதை வைத்து, இந்தச் சட்டங்கள் செல்லாது, கொடக்கன்பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேணும் என்று மீளாய்வு அதிகாரி தீர்ப்பளித்தார்.

யோசிச்சுப் பாருங்கோ. ஏணியின் கீழ்ப்படியிலேயே கொடக்கன்பிள்ளை வென்றுவிட்டார்! அதற்குப் பிறகு மேலே ஓடினது அவரில்லை, பதிவு அதிகாரிதான். 1951இல் உயர் நீதிமன்றம் மீளாய்வு அதிகாரியின் தீர்ப்பை ரத்துச் செய்தது. சட்டத்தின் சொற்கள் தெளிவாக இருக்கின்றன, அவற்றில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

வழக்கு லண்டனுக்கு, பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1953இல் தீர்ப்பு வந்தது. நேரடியாகச் செய்ய முடியாததை ஒரு சட்டம் சுற்றிவளைத்துச் செய்தால் அதுவும் செல்லாது என்று அவர்கள் கொள்கையளவில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் இந்தச் சட்டங்கள் அப்படியானவை இல்லையாம். ஏனென்றால் விண்ணப்பித்துப் பிரஜையாகிற வழி ஒன்று திறந்திருக்கிறதாம். இந்தியத் தமிழர் இடம்பெயர்ந்து திரிகிற பழக்கம் உள்ளவர்கள் என்பது அவர்கள் பிரஜையாகத் தகுந்தவர்களா என்ற கேள்வியோடு சம்பந்தப்பட்டதாம், அவர்கள் ஒரு சமூகம் என்பதோடு சம்பந்தப்பட்டது இல்லையாம். மேன்முறையீடு தள்ளுபடி.

அந்தத் திறந்த வழியில் போனவர்களுக்கு என்ன நடந்தது? 1951 ஆகஸ்ட் 5க்குள் விண்ணப்பிக்க வேணும். கலியாணம் செய்தவர் 1946க்கு முன் ஏழு வருசம், செய்யாதவர் பத்து வருசம் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததைக் காட்ட வேணும். சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். இதற்கிடையில் 1952 தேர்தல் முடிந்துவிட்டது. 1947இல் தொண்டமான் உள்ளிட்டோரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து இந்த முறை ஒருவரும் போகவில்லை. தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்று உள்ளே போக 1977 வரை பொறுக்க வேண்டியிருந்தது. முப்பது வருசம்.

இடதுசாரிகளுக்கும் இதில் ஒரு கணக்கு இருந்தது. 1947இல் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போனது. அந்த வாக்கை வெட்டினது இனத்தின்மேல் விழுந்த அடி மட்டுமில்லை, வர்க்கத்தின்மேல் விழுந்த அடியும்தான். 1948இல் இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்தில் எதிர்த்து நின்றன. அது எங்களுக்குப் பெருமை. ஆனால் 1964 ஒக்டோபரில், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, என்.எம். பெரேரா அதே அரசாங்கத்தின் நிதி அமைச்சர். 29ஆம் பிரிவு இல்லாத 1972 அரசியலமைப்பை உருவாக்கிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. இதையும் மறைக்காமல் சொல்ல வேணும்.

எங்கட பக்கமும் சுத்தமில்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி. பொன்னம்பலம், கொஞ்ச நாளில் அமைச்சராகி, அதே வருசக் கடைசியில் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் பிரிந்துபோய் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினதற்கு இதுவும் ஒரு காரணம். "அது தோட்டக்காட்டாரின்ர பிரச்சினை" என்ற பேச்சு எங்கட வீடுகளில் எத்தனை வருசம் ஓடினது என்று பெரியாக்களைக் கேட்டுப் பாருங்கோ.

சரி, இண்டைக்கு எங்களுக்கு என்ன?

வாக்கைப் பறிக்கிற சட்டம் யாருடைய பெயரையும் சொல்லாது. யாரிடம் இல்லையென்று தெரியுமோ, அந்தப் பத்திரத்தைக் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பத்திரம் தேடிக் கொடுப்பதோடு நாங்கள் நின்றால், பத்திரம் கிடைச்ச ஒருவர் தப்புவார், பக்கத்து வீட்டுக்காரர் வெளியே நிற்பார்.

கேள்வியைத் திருப்பிப் போடவும் முடியும். 1995இல் லால் பாபு ஹுசைன் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அதைச் செய்தது. டெல்லியிலும் மும்பையிலும் ஏழை மக்களைப் பார்த்து, நீங்கள் குடிமக்கள் என்று நிரூபியுங்கள் என்று நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே பட்டியலில் இருக்கிற பெயர், சரிபார்த்துத்தான் சேர்க்கப்பட்டது என்று கொள்ள வேண்டும், சந்தேகம் இருந்தால் அதன் அடிப்படையை அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு வந்ததால் எல்லா அதிகாரியும் அப்படி நடப்பார்கள் என்றில்லை. ஆனாலும் கையில் ஒரு பிடி இருக்கு.

அதனால், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், பெயர் வெட்டப்பட்ட ஒருவர் உங்களிடம் வந்தால் மூன்று வேலை செய்யுங்கோ. முதலில் தவணைத் திகதியைப் பாருங்கோ, அது போனால் எல்லாம் போச்சு. இரண்டாவது, பத்திரங்களோடு சேர்த்து, "என்மேல் என்ன ஆதாரத்தில் சந்தேகப்பட்டீர்கள்?" என்ற கேள்வியை எழுத்தில் போடுங்கோ. மூன்றாவது, அதே கடிதம் வேறு யாருக்கு வந்தது என்று வீதி வீதியாகக் கேட்டு ஒரு பட்டியல் எடுங்கோ. சட்டத்தில் எழுதாத பெயர் அந்தப் பட்டியலில்தான் தெரியவரும். பிரிவி கவுன்சிலில் கொடக்கன்பிள்ளை அந்த விளைவைக் காட்டத்தான் போராடினார். அது போதாது என்று சொல்லிவிட்டார்கள்.

இடம்பெயர்ந்து திரிகிற பழக்கம் என்று அவர்கள் எழுதின சொல்லைக் கொஞ்சம் மனசில் வைச்சிருங்கோ. இந்த மண்டபத்தில் இருக்கிற எங்களில் யாருக்கு அந்தப் பழக்கம் இல்லை?

கேள்விகள் இருந்தால் கேளுங்கோ.