மானைத் தேடி 1,500 கிலோமீட்டர்



நம் நாட்டில் மானைச் சுட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து, மான்கறி என்று வாய்விட்டுச் சொல்லவே ஆட்கள் யோசிப்பார்கள். அமெரிக்காவில் கதை வேறு. இலையுதிர் காலம் பிறந்தால், துப்பாக்கியையும் ஐஸ்பெட்டியையும் வண்டியில் போட்டுக்கொண்டு, பல மாநிலம் தாண்டி மான் தேடிப் போகிறவர்கள் ஏராளம். தன்னந்தனியாகப் போகிறவர்களும் உண்டு. யாரையும் கேட்க வேண்டாம், நினைத்த இடத்தில் நின்று சுடலாம் என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த மனிதரின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. அதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

சிகாகோவில் இருக்கும் ஒருவருக்கு வயோமிங் மாநிலத்தில் மியூல் மான் வேட்டையாட ஆசை என்று வைத்துக்கொள்வோம். கோவேறு கழுதையைப் போலப் பெரிய காதுகள் என்பதால் அந்தப் பெயர். பயணம் அக்டோபரில்தான், ஆனால் வேலை பல மாதம் முன்பே தொடங்கிவிடும். வெளிமாநிலத்தாருக்கு லைசென்ஸ் குலுக்கலில்தான் கிடைக்கும். கட்டணமோ உள்ளூர்க்காரர் கட்டுவதைப் போலப் பல மடங்கு. பெயர் விழவில்லை என்றால், ஆண்டுக்கு ஆண்டு புள்ளி சேர்த்துக்கொண்டு காத்திருக்கலாம். புள்ளி ஏற ஏற வாய்ப்பும் ஏறும். இந்த மானுக்கு உடம்பில் புள்ளி கிடையாது. புள்ளியெல்லாம் வேட்டைக்காரர் கணக்கில்தான்.

லைசென்ஸ் வந்துவிட்டது, கிளம்பிவிட்டார். சிகாகோவிலிருந்து வயோமிங் தலைநகர் ஷயான் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் நெப்ராஸ்கா மாநிலத்தைக் கடக்க மட்டும் 700 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். பிளாட் ஆறு, சோளக்காடு, மறுபடியும் சோளக்காடு. அந்தி நேரத்தில் மட்டும் கவனமாக ஓட்ட வேண்டும். தேடிப் போகிற மானே குறுக்கே பாய்ந்து வண்டியை நொறுக்கிவிடும்.

இனிமேல்தான் உண்மையான சிக்கல். எந்த மண்ணில் நிற்கிறோம்?

1862-இல் ரயில்பாதை போடுவதற்காக, பாதையின் இரு பக்கமும் ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என்று நிலத்தை ரயில் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்தது அமெரிக்க அரசு. ஒரு கட்டம் கம்பெனிக்கு, அடுத்த கட்டம் அரசுக்கு. தெற்கு வயோமிங்கின் வரைபடத்தை விரித்தால் இன்றும் சதுரங்கப் பலகை போலத்தான் இருக்கும். கம்பெனி நிலம் காலப்போக்கில் பண்ணைக்காரர்களின் கைக்குப் போனது. அரசு நிலத்தில் லைசென்ஸ் உள்ள யாரும் வேட்டையாடலாம். ஆனால் ஓர் அரசுக் கட்டத்திலிருந்து அடுத்த அரசுக் கட்டத்துக்குப் போக, இரண்டும் தொட்டுக்கொள்ளும் மூலைப் புள்ளி ஒன்றுதான் வழி. காலை அந்தப் பக்கம் வைத்துவிடலாம். ஆனால் தாண்டும்போது தோளும் முதுகும் பக்கத்துப் பண்ணைக்காரரின் ஆகாயத்தில் இருக்குமே, அது அத்துமீறல் இல்லையா என்று கேட்டார்கள்!

சிரிக்காதீர்கள், இது கோர்ட்டுக்குப் போன வழக்கு. மிசௌரி மாநிலத்திலிருந்து நான்கு வேட்டைக்காரர்கள் வண்டி ஓட்டிக்கொண்டு வயோமிங்கின் எல்க் மலைக்கு வந்தார்கள். அங்கே ஒரு மூலையில் பண்ணைக்காரர் தரப்பில் இரண்டு கம்பங்களை நட்டு, நடுவே சங்கிலி கட்டி, 'அத்துமீறாதே' என்று பலகையும் மாட்டியிருந்தார்கள். 2021-இல் வேட்டைக்காரர்கள் மறுபடி வரும்போது ஓர் இரும்பு ஏணியைக் கூடவே கொண்டுவந்தார்கள். இந்தக் கட்டத்தில் ஒரு கால், அந்தக் கட்டத்தில் ஒரு கால். தனியார் மண்ணில் செருப்புத் தடம்கூடப் படவில்லை. ஆனாலும் கிரிமினல் வழக்கு வந்தது. 2022-இல் ஜூரி விடுவித்தது. பண்ணைக்காரர் லட்சக்கணக்கான டாலர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கிலும், பொது நிலத்தை வேலிபோட்டு மறிக்கக் கூடாது என்ற 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து, 2025-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. என்னைக் கேட்டால், அந்த நால்வர் கொண்டுவந்த ஆயுதங்களிலேயே ஏணிதான் பெரிய ஆயுதம்.

அதனால்தான் இன்று தனியாகப் போகிறவரின் கையில் செல்போன் வரைபடம். நிற்கும் இடம் யாருடையது என்று அதில் தெரியும். தனி ஆளுக்கென்றே இன்னொரு தடையும் உண்டு. 'வனாந்தரம்' என்று மத்திய அரசு அறிவித்த பகுதிகளில், வெளிமாநிலத்தார் மான் வேட்டைக்குப் போனால் உள்ளூர் வழிகாட்டி கூட வந்தாக வேண்டும். அதே காட்டில் மலையேறவோ மீன்பிடிக்கவோ வழிகாட்டி தேவையில்லை! பாதுகாப்புக்காக என்கிறார்கள். வழிகாட்டிகளின் பிழைப்புக்காக என்றுதான் எனக்குப் படுகிறது.

இனி வேவு பார்க்கும் வேலை. நடந்து தேடினால் மான் கிடைக்காது, உட்கார்ந்து தேட வேண்டும். விடிவதற்கு முன்பே ஒரு மேட்டில் ஏறி, முழங்காலில் கையை ஊன்றி, எதிர்ச் சரிவைப் பைனாகுலரில் அங்குலம் அங்குலமாகத் துழாவ வேண்டும். முழு மானைத் தேடினால் ஏமாந்துபோவோம். சாம்பல் நிறப் புதருக்குள் ஒரு காது அசைவது, வெள்ளைப் பிட்டம் ஒரு கணம் தெரிவது, கிளைக்கு நடுவே ஒரு கொம்பு, அவ்வளவுதான் கண்ணில் படும். வெயில் ஏறியதும் கலைமான் மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே நிழல் பார்த்துப் படுத்துக்கொள்ளும். பின்னாலிருந்து வருவதைக் காற்று மூக்குக்குச் சொல்லிவிடும். கீழே நடப்பதைக் கண் பார்த்துக்கொள்ளும். பகல் சூட்டில் காற்று சரிவில் மேலே ஏறும். கீழிருந்து போனால் மனித வாடை நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். மிரண்டால் நான்கு கால்களையும் ஒன்றாக ஊன்றி, பந்துபோல எகிறி எகிறிச் சரிவைத் தாண்டி மறைந்துவிடும். எனவே சுற்றிவளைத்து மேலிருந்து இறங்க வேண்டும். அதற்கே பாதி நாள் போய்விடும்.

இத்தனை கெடுபிடி எதற்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கறிக்கும் தோலுக்கும் சுட்டுச் சந்தையில் விற்றே அமெரிக்க மான்களை ஏறக்குறைய தீர்த்துக்கட்டிவிட்டார்கள். 1900 வாக்கில் அங்குள்ள இன்னொரு வகையான வெண்வால் மான் ஐந்து லட்சம் அளவுக்குக் குறைந்துபோனது. இன்று சுமார் மூன்று கோடி இருக்கின்றன. இடையில் காட்டு மான் கறியை விற்பது குற்றமானது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் வரியை இதற்கென ஒதுக்க 1937-இல் ஒரு சட்டம் வந்தது. நீளத் துப்பாக்கிக்கு 11 சதவீதம். அந்தப் பணமும் லைசென்ஸ் பணமும் வன உயிர்களுக்கே செலவாகின்றன. வேட்டைக்காரர் காசில் மான் பிழைத்தது என்பது கேட்கக் கசப்பாக இருக்கலாம், ஆனால் கணக்கு அப்படித்தான். மியூல் மானுக்கு அந்த யோகம் இன்னும் முழுதாக வரவில்லை. 2022-23 குளிர்காலம் மேற்கு வயோமிங்கில் அவற்றைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. அடுத்த பருவத்தில் லைசென்ஸையும் குறைத்தார்கள்.

சுட்டாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். உடனே லைசென்ஸ் சீட்டில் மாதத்தையும் தேதியையும் வெட்டி, கையெழுத்துப் போட்டு, மானோடு கட்ட வேண்டும். ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளமும் கறியோடு கூடவே இருக்க வேண்டும். பிறகு தோலை உரித்து, சப்பைகளைத் தனியே எடுத்து, கறியைத் துணிப்பைகளில் கட்டி, வண்டிவரை முதுகில் சுமக்க வேண்டும். எலும்பு நீக்கிய பிறகும் ஒரு நல்ல கலைமானில் முப்பது கிலோ தேறும். தூக்கிவிட இன்னொரு கை இல்லை. ஒரே ஆள் இரண்டு நடை நடக்க வேண்டியதுதான்.

மானை முழுசாக வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகவும் முடியாது. 1967-இல் கொலராடோ மாநிலத்தில் ஓர் ஆராய்ச்சிக் கொட்டடியில் முதலில் தெரிந்த நோய் ஒன்று மான்களிடையே பரவிவருகிறது. நோய் பிடித்த மான் எலும்பும் தோலுமாகி, தள்ளாடிச் சாகும். காரணமான புரதம் வேகவைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை என்றாலும், நோய் கண்ட மானைச் சாப்பிட வேண்டாம் என்கிறது சுகாதாரத்துறை. அதனால் மூளையையும் தண்டுவடத்தையும் மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பல மாநிலங்களில் தடை. வேட்டைக்காரர் கழுத்து நிணநீர் முடிச்சைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, ஐஸ்பெட்டியில் கறியோடு மறுபடி 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறார். கறி வீட்டு ஃப்ரீசருக்குப் போகிறது. ரிசல்ட் வரும்வரை அடுப்புக்குப் போகாது.