கோரி மீன் துப்புரவுத் தொழிலாளி அல்ல
(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், உங்க வீட்டு மீன் தொட்டியைப் பத்தி கொஞ்ச நேரம் பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டார். நான் படித்தது பி.காம். முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க். மீனைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற தகுதி ஒன்றே ஒன்றுதான். நிறையத் தப்பு செய்திருக்கிறேன், எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வங்கிப் பழக்கம், விடவில்லை.

நோட்டின் முதல் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஓய்வு பெற்ற வருடம் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினேன். கடைக்காரர் கலர் மீன்களோடு மீசை வைத்த நான்கு குட்டி மீன்களையும் கவரில் போட்டார். "இதுக்குத் தனியா தீனி வேண்டாம் சார். மத்த மீன் போடற அழுக்கை இதுவே தின்னு தொட்டியைச் சுத்தமா வச்சுக்கும்" என்றார். நம்பினேன். இரண்டு மாதத்தில் நான்கும் வயிறு ஒட்டிச் செத்துப் போயின. மேலே போட்ட தீனியை மற்ற மீன்களே காலி செய்துவிட்டன. அடியில் இருந்தவற்றுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. கழிவைத் தின்று கோரி மீன் உயிர் வாழாது. அந்த நான்கும் என் வீட்டில் பட்டினியால் செத்தவை. இன்று நான் சொல்ல வந்ததே இதுதான்: கோரி மீனைத் துப்புரவுக்காக வாங்காதீர்கள்.

கோரி என்று நாம் கூப்பிடுவது கோரிடோராஸ். சொந்த ஊர் தென் அமெரிக்கா. நம் கெளுத்திக்குத் தூரத்து உறவு. செதில் கிடையாது. அதற்குப் பதில் உடம்பின் இரண்டு பக்கமும் ஓடு வேய்ந்த மாதிரி இரண்டு வரிசை எலும்புத் தகடுகள். வளர்ந்தாலும் பெரும்பாலானவை இரண்டு, இரண்டரை அங்குலம்தான். புள்ளி போட்ட பெப்பர் கோரியை டார்வின் தன் பீகிள் கப்பல் பயணத்தில் சேகரித்தார்; 1842-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். 2024-ல் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் குடும்பத்தைப் பல பிரிவாகப் பிரித்துப் பெயர்களை மாற்றிவிட்டார்கள். கடையில் இன்னும் கோரிதான்.

இந்த மீன் திடீரென்று மேலே பாய்ந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு, மறுபடி அடிக்குப் போய்விடும். முதல் தடவை பார்த்தால் பயமாக இருக்கும். அது அதன் இயல்பு, விழுங்கிய காற்றைக் குடலிலேயே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் எல்லா மீனும் அடிக்கடி மேலே வந்தால் தண்ணீரில் கோளாறு என்று அர்த்தம்.

வளர்ப்பதற்கு நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில், ஆறு மீனாவது வாங்குங்கள். கூட்டமாக வாழும் மீன் இது. ஒன்றிரண்டாக விட்டால் மூலையில் ஒடுங்கிவிடும்.

அடியில் கூரான கலர் கல் போடாதீர்கள். நைசாகச் சலித்து, தண்ணீர் தெளியும் வரை கழுவிய மணல் போடுங்கள். மீசையால் மணலைத் துழாவித்தான் இரை தேடும். கூரான கல்லும் அடியில் சேரும் அழுக்கும் மீசையை அரித்துவிடும்.

மூழ்கும் தீனி போடுங்கள். விளக்கை அணைத்த பிறகு போட்டால் மற்ற மீன்கள் பங்குக்கு வராது.

புதுத் தொட்டியில் அன்றைக்கே மீனை விடாதீர்கள். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை வரவு உண்டு, பற்று எழுத ஆள் இல்லை. கணக்கு எப்படி நேராகும்? ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் குளோரின் அந்த பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்கும் மருந்து கலந்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு எல்லாக் கோரியும் தாங்காது. பெப்பர் கோரி குளிர்ந்த தண்ணீரை விரும்புவது. ஸ்டெர்பை கோரி சூட்டைக் கொஞ்சம் தாங்கும். நான் வைத்திருப்பது பிரான்ஸ் கோரி. சித்திரை, வைகாசியில் மூடியைத் திறந்து, மேலே சின்ன ஃபேன் ஓட விடுகிறேன். தண்ணீரின் சூடு இரண்டு டிகிரி குறைகிறது.

மீனைப் பிடிக்க வலை வேண்டாம். துடுப்பில் முள் உண்டு, வலையில் சிக்கிக்கொள்ளும். கெளுத்தி முள் குத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு டம்ளரில் தண்ணீரோடு மொண்டு எடுங்கள்.

இப்போது இனப்பெருக்கம். என் தொட்டியில் அது நடந்ததே எனக்குத் தெரியாது. ஓர் ஐப்பசி மாதம், விடாத மழை. முதல் நாள்தான் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றியிருந்தேன். மறுநாள் காலை என் மனைவி கண்ணாடி துடைக்கத் துணியோடு போனவள், "என்னங்க, உள்பக்கம் ஜவ்வரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு பாருங்க" என்றாள். எல்லாம் முட்டை. அவள் கேட்காமல் துடைத்திருந்தால் இன்று இந்தப் பேச்சே இல்லை.

மழைக்காலத்தில் வரும் குளிர்ந்த புதுத் தண்ணீர்தான் இவற்றுக்கு முட்டையிடும் அறிகுறி. அதனால் மற்ற நாட்களிலும் சற்றே குளிர்ந்த தண்ணீரை மாற்றி, நல்ல தீனி கொடுத்தால் முட்டை இடும். மேலிருந்து பார்த்தால் அகலமாக, பெரிதாகத் தெரிவது பெண். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் இருந்தால் நல்லது. பெண் மீன் ஒவ்வொரு தடவையும் சில முட்டைகளை வயிற்றுத் துடுப்புகளுக்கிடையில் பொத்திக்கொண்டு போய்க் கண்ணாடியில் ஒட்டும். ஒரே நாளில் நூறுக்கு மேல் கூட இடும்.

இட்ட முட்டையைப் பெற்றவையே தின்றுவிடும். அதனால் விரலால் மெதுவாக உருட்டி எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் ஊற்றிய வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஏர் பம்ப் குழாயைப் போட்டுவிட வேண்டும். வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்த முட்டையை உடனே எடுத்துவிட வேண்டும். நம் சி பிளாக் வாசலில் உதிரும் பாதாம் இலைச் சருகைக் கழுவி ஒன்று போடுவேன். பூஞ்சையைக் கொஞ்சம் கட்டுப்படுத்துகிறது. மூன்றிலிருந்து ஆறு நாளில் பொரிக்கும். முதல் இரண்டு நாள் கருவுணவு போதும். பிறகு புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா.

முதல் ஈட்டில் எனக்கு அறுபது முட்டை, நாற்பது குஞ்சு, கடைசியில் மிஞ்சியது ஒன்பது. தீனியை அள்ளிக் கொட்டினேன். மிச்சம் அடியில் அழுகியது, குஞ்சுகள் அதன் மேலேயே கிடந்தன. அடுத்த தடவை தீனியைக் குறைத்து, மெல்லிய குழாயால் தினமும் அடி அழுக்கை உறிஞ்சி, அந்த அளவுக்குப் புதுத் தண்ணீர் விட்டேன். முப்பத்தொன்று பிழைத்தன.

கடைசியாக ஒன்று. போன கோடையில் லிஃப்டில் நம் நண்பர் ஒருவரைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். கையில் வாளி, வாளிக்குள் ஓரடி நீள சக்கர் மீன். "தொட்டியில இடம் பத்தலை சார், பாவம், பின்னாடி ஏரியில போய் நிம்மதியா இருக்கட்டும்" என்றார். அவர் மனம் நல்ல மனம்தான். சின்னக் குட்டியாக இருந்தபோது அவருக்கும் அதை "கிளீனர்" என்றுதான் விற்றிருக்கிறார்கள்.

சக்கரும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த, தகடு போர்த்திய மீன்தான். ஆனால் அது வேறு குடும்பம், ஓரடிக்கு மேல் வளரும். கெட்ட தண்ணீரிலும் காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை பலமிழக்கும். வலையில் சிக்கினால் முள்ளும் தகடும் வலையைக் கிழிக்கும். பிடித்தவருக்கு விலையும் கிடையாது. தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் இப்போதே பெருகிவிட்டது. இப்படி யாரோ இரக்கப்பட்டு விட்டதும் அதற்கு ஒரு காரணம். அன்று நாங்கள் இருவரும் அந்த வாளியோடு கடைக்கே போனோம். கடைக்காரர் முகம் சுளித்தார், ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

அதனால் உங்களிடம் என் வேண்டுகோள். எந்த மீனை வாங்கும்போதும் "இது எவ்வளவு பெரிசா வளரும், என்ன தின்னும்" என்று கேளுங்கள். வளர்க்க முடியாமல் போனால் ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். கடையில் கொடுங்கள், இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து வழி பார்ப்போம்.

இப்போது என்னிடம் இருபத்திரண்டு கோரிக் குட்டிகள் இருக்கின்றன. மூன்று வீட்டுக்கு ஆறு ஆறாகக் கொடுக்கலாம். காசு வேண்டாம். தொட்டி ஓட ஆரம்பித்து ஆறு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், அடியில் மணல் இருக்க வேண்டும், ஒரு தடவை நான் வந்து பார்ப்பேன். கடன் கொடுக்கும் முன் நேரில் போய்ப் பார்ப்பது எங்கள் வழக்கம், தப்பாக நினைக்காதீர்கள்.

இரவு எட்டு மணிக்கு என் வீட்டில் தீனி நேரம். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.