தொட்டிக்குள் போகும் உயிர்
(வேலூர் லாங் பஜார்க் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

கூட்டம் நடக்கும் இக்கடைத்தெருவின் பெயரே இன்னும் தமிழாகவில்லை. நெடுங்கடைத்தெரு என்று சொல்வதால் எவர் நாவும் நோகப் போவதில்லை. ஆயினும், லாங் பஜார் என்றால்தான் சுமைவண்டிக்காரர்க்கு வழி தெரிகிறது. அது கிடக்கட்டும். பெயரைப் பிறகும் திருத்திக் கொள்ளலாம். போன உயிரைத் திருப்பிக் கொள்ள இயலாது. இன்றைய பேச்சு உயிரைப் பற்றியது.

இங்கிருந்து கிழக்கே இராணிப்பேட்டை. மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றின் இருபுறமும் தோல் பதனிடும் ஆலைகள். இங்கு உருவாகும் காலணி ஐரோப்பியக் கடைகளில் பளபளக்கிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்திய காலம் ஒன்று இருந்தது. குரோமிய உப்பு வந்தபின் வேலை விரைவாயிற்று, விற்பனை பெருகிற்று, கூடவே நஞ்சும் பெருகிற்று.

அந் நஞ்சினுள் ஒன்றை மட்டும் இங்கு எடுத்துக் கொள்வோர்க்கே உண்மை விளங்கிவிடும். தோலின் மயிரைப் போக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு இடுகின்றனர். அந்தக் கழிவுநீர் காடி நீரோடு கலந்தாலும், கசடாகத் தொட்டியில் தேங்கிக் கிடந்தாலும், ஐதரசன் சல்பைடு என்னும் நச்சுவளி கிளம்புகிறது. முதலில் அழுகிய முட்டை போல் நாறும். வளி மிகும்போதோ மூக்கு மரத்துப் போய், நாற்றமே தெரியாது. ‘நாற்றம் நின்றுவிட்டது, இனி அச்சமில்லை’ என்று எண்ணி இறங்குகிறவன் இரண்டு மூன்று மூச்சில் விழுகிறான். அது காற்றினும் கனமானது. ஆகையால் தொட்டியின் அடியிலேயே படிந்து கிடக்கும். விழுந்தவனைத் தூக்க அடுத்தவன் குதிக்கிறான். அவனைத் தூக்க இன்னொருவன். தொட்டிச் சாவு ஒன்றோடு நிற்பது அரிது. தோழனுக்காகக் குதித்த அன்பையும் சேர்த்தே அந்த வளி கொன்றுவிடுகிறது.

மறுநாள் செய்தித்தாள் இதனை ‘விபத்து’ என்று எழுதும். இடி விழுந்தால் நேர்ச்சி எனலாம். என்ன நேரும் என்று முன்னரே தெரிந்து, தடுக்கும் வழியும் சட்டத்தில் எழுதப்பட்டு, அதைச் செய்யாமல் விட்டதால் வந்த சாவை நேர்ச்சி என்பது மொழிக்கே செய்யும் கேடன்றோ?

1948-ஆம் ஆண்டின் ஆலைச்சட்டம் முப்பத்தாறாம் பிரிவில் என்ன சொல்லிற்று? நச்சுவளி இருக்கக்கூடிய தொட்டியையோ குழியையோ தகுதியுடைய ஒருவர் ஆய்ந்து, உள்ளே செல்லலாம் என எழுத்தில் சான்று தரவேண்டும். இல்லையேல், இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்புவாரில் கயிறு கட்டி, அக்கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். ஒரு வார், ஒரு கயிறு, ஒரு கருவி. இவற்றின் விலை, ஏற்றுமதியாகும் ஒரு பெட்டிக் காலணியின் விலையைவிடப் பெரிதா?

2015 சனவரி 31. அன்றைய வேலூர் மாவட்டத்து இராணிப்பேட்டைச் சிப்காட்டு வளாகம். நள்ளிரவு கடந்த நேரம். தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையத்தில், கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அடுத்திருந்த தோல் ஆலைக்குள் கசடு வெள்ளமாய்ப் புகுந்தது. அங்கு உறங்கிக் கொண்டிருந்த பத்துப்பேர் மாண்டனர். அத்தொட்டி உரிய இசைவின்றிக் கட்டப்பட்டது என்பது பிறகு வெளிவந்தது. இவர்கள் தொட்டிக்குள் இறங்கவில்லை. தொட்டியே இவர்களைத் தேடி வந்தது. நஞ்சுக்குப் பக்கத்துச் சுவரருகே பாய் விரிக்கும் நிலையில் உழைப்பாளியை வைத்தவர் யார் என்று கேளுங்கள்.

மாண்டவருள் பெரும்பாலார் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ‘அயலார்தாமே’ என்று முணுமுணுக்கும் தமிழர் எவரேனும் இருப்பின், அவர்க்கு ஒரு சொல்: மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும், மலேயாவின் தண்டவாளத்திலும் செத்த தமிழனையும் அந்நாட்டார் அப்படித்தான் முணுமுணுத்தனர்.

இங்கேதான் மொழி வந்து நிற்கிறது. ஆலை அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் நூற்றெட்டாம் பிரிவு கூறிற்று. போபாலின் 1984-ஆம் ஆண்டுக் கொடுமைக்குப் பின், 1987-இல் புகுத்தப்பட்ட பிரிவுகள், தீங்கு தரும் தொழில்களின் பட்டியலில் தோல் பதனிடுதலையும் சேர்த்து, என்ன தீங்கு உண்டு என்பதை உழைப்பாளிக்குச் சொல்லும் கடனை ஆலையாளர் தலையில் வைத்தன. ஆனால் வேதிப்பொருள் பீப்பாயின் மேல் ஒட்டியிருக்கும் தாள் ஆங்கிலத்தில்! ஆம்பூர்த் தமிழனுக்கு அது விளங்காது, வங்காளிக்கும் விளங்காது. விளங்காத எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. தமிழனுக்குத் தமிழில், வங்காளிக்கு வங்காளத்தில் எழுதி வைப்பதே முறை. தாய்மொழி உரிமை மேடைக்கு மட்டும் உரியதன்று. தொட்டியின் வாயிலும் அது வேண்டும்.

இனி, முதலாளியின் வழக்கமான விடை: ‘அவன் என் ஆளல்லன், ஒப்பந்தக்காரன் ஆள்.’ வெள்ளையர் ஆட்சியில் வந்த 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே, பன்னிரண்டாம் பிரிவில் இவ்விடையை மறுத்துவிட்டது. தம் தொழிலின் பகுதியை ஒப்பந்தக்காரரிடம் விட்டவரே இழப்பீடு கொடுக்க வேண்டும். அதனை ஒப்பந்தக்காரரிடம் பின்னர் அவர் வாங்கிக் கொள்ளலாம். தில்லியில் 1985 திசம்பரில் கசிந்த நச்சுவளி வழக்கில், உச்ச நயன்மன்றம் 1986-இல் இதனினும் ஒருபடி மேலே சென்றது. தீங்கான தொழில் நடத்துவோர், ‘எவ்வளவோ கருத்தாக இருந்தோம்’ என்று சொல்லியும் தப்ப இயலாது என்றது. பாலாற்றுக்கும் 1996-இல் ஒரு தீர்ப்பு வந்தது. ஆற்றைக் கெடுத்தவரே அதற்கான பொருளைத் தரவேண்டும் என்று கூறி, ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் உருபா தண்டம் விதித்தது. ஆற்றுக்காக வழக்காடினோர் வேலூர் மக்களே என்பது பெருமைதான். உழைப்பாளியின் மூச்சுக்காகவும் அதே வேலூர் எழுந்தால் என்ன?

2025 நவம்பர் 21 முதல், பழைய ஆலைச்சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் வந்துள்ளது. கடமை தவறிச் சாவு நேர்ந்தால் ஈராண்டு வரை சிறை, அல்லது ஐந்து இலக்கத்திற்குக் குறையாத தண்டம், அல்லது இரண்டும் என்கிறது. தண்டத்தில் பாதிக்குக் குறையாமல் இறந்தவர் குடும்பத்திற்கு அளிக்குமாறு மன்றம் ஆணையிடலாம். ‘அல்லது’ என்ற சொல்லின் சந்தில் சிறை நழுவிவிடும் என்பதையும் மறவாதீர்கள். மின்விசையோடு பத்துப்பேர் வேலை செய்தாலே ஆலை என்றிருந்தது, இப்போது இருபது பேர் என்றாகிவிட்டது. சந்து பொந்துகளில் இயங்கும் சிறு பட்டறைகளை எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் ஒரு பிடி அதில் உண்டு. ஒவ்வோர் உழைப்பாளிக்கும் வேலை அமர்த்தக் கடிதம் தரவேண்டும் என்கிறது. செத்தபின் ‘இவன் யார் என்றே தெரியாது’ என்னும் வாயை அடைப்பது அந்தத் தாள்தான். இக்கூட்டத்தில் ஆலைக்குச் செல்வோர் நாளையே போய் அதனைக் கேளுங்கள். தமிழில் கேளுங்கள், பக்கத்தில் நிற்கும் வங்காளத் தோழனுக்கும் சேர்த்துக் கேளுங்கள். கயிறும் மூச்சுக்கருவியும் எந்த அறையில் இருக்கின்றன, அதன் திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்றும் கேளுங்கள்.